படைப்புழுப் பொறி: புல்லுக் காணியில் மூன்று மாதம்

மட்டக்களப்பில் கிரான் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் புல்லுக் காணி. ஒரு பாதியில் வெட்டி மாட்டுக்குப் போடும் கோ-3 புல், மற்றப் பாதியில் மாடுகள் மேய அறுகும் கினிப்புல்லும். 2018இல் சேனாப் படைப்புழு நாட்டுக்குள் வந்தபோது எல்லாரும் சோளத்தைத்தான் பார்த்தோம். அது புல்லையும் விடாது என்பது, போன மாரியில் ஒரே கிழமையில் என் கோ-3 நடு ஈர்க்கு மட்டுமாய் நின்றபோதுதான் தெரிந்தது. கறவை மாடு ஏழுக்கும் வைக்கோலைத்தான் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெரோமோன் பொறியை வாங்கினேன். பச்சை மூடி, மஞ்சள் புனல், கீழே வெள்ளை வாளி. மூடிக்குள் ஒரு சின்ன இறப்பர்த் துண்டு. படைப்புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகும்; அதில் பெண் பூச்சியின் வாசம் இந்தத் துண்டில் ஏற்றியிருக்கும். விலை ஒரு மூட்டை மாட்டுத்தீனியை விடக் குறைவு.

"இதைக் கட்டினால் புழு வராது அண்ணன்" என்றார் கடைக்காரத் தம்பி. அது பிழை. உள்ளே விழுவது ஆண் பூச்சி மட்டும். முட்டையிடும் பெண் வெளியேதான் பறக்கிறது. பொறி சொல்வது நேரத்தை. அந்த வேலையை நன்றாகவே செய்தது. ஒன்று இரண்டு விழுந்துகொண்டிருந்த வாளியில், ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலை பதினொன்று கிடந்தன. முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். அன்று தொடங்கி ஒவ்வொரு பொழுதுபடும் நேரமும் டோர்ச்சோடு காணிக்குள் இறங்கினேன்.

கம்பியை ஓரடிச் சதுரமாக வளைத்து, பத்து இடத்தில் போட்டுப் பார்ப்பேன். முழங்காலிட்டுப் புல்லை விலக்கி, அடியில் கிடக்கும் சருகையும் கிளற வேண்டும். பகலில் புழு அங்கேதான் ஒளிந்திருக்கும். குஞ்சுப் புழு இலையைச் சுரண்டி, கண்ணாடிபோல வெள்ளைத் தோலை மட்டும் விட்டுவைக்கும். வளர்ந்ததன் தலையில் கவட்டைத் தடியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வால்பக்கம் நாலு கறுப்புப் புள்ளி, சதுரமாக. நாலாம் நாள் ஓரடிக்குள் நாலு புழு எண்ணினேன். விடிந்ததும் கோ-3ஐ வெட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டேன். மருந்து அடிக்கவில்லை, பாலுக்கும் பயமில்லை. தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பங்கைப் புழு கடைசிச் சில நாளில்தான் தின்கிறது. அதற்குள் பிடித்தால்தான் புல் மிஞ்சும்.

குறையும் உண்டு. வாளியில் தண்ணீர் வடிய ஓட்டையே இல்லை. ஆணியைச் சூடாக்கி நானே போட்டேன். அதைவிடப் பெரிய குறை, வாசம் தீர்ந்துபோகும் இறப்பர்த் துண்டை எப்போது மாற்றுவது என்று பக்கற்றில் ஒரு வரிகூட இல்லை. ஆறாம் கிழமை வாளி வெறுமையாய்க் கிடந்தது. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். மைனாக்கள் கூட்டமாக அறுகில் இறங்கியதைப் பார்த்துப் போனால், அங்கே புழு நெளிகிறது. நெல்லைத் தின்னும் கூட்டப்புழுவும் புல்லுக்கு வரும். இந்த வாசம் அதன் பூச்சிக்காகச் செய்ததல்ல. அதனால் வாளியை மட்டும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

அடுத்த மாரிக்கு இறப்பர்த் துண்டு இரண்டு கூடுதலாக வாங்கிப் பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். கட்டினதிலிருந்து நாலாம் கிழமை மாற்றவேண்டும் என்று பக்கற்றில் பேனையால் எழுதியும் விட்டேன்.