அரிட்டாபட்டியா, ராமதேவர பெட்டாவா?

பாறைமலைப் பறவைகளைத்தான் பார்க்க வேண்டும் என்றால் என் ஓட்டு மதுரை அரிட்டாபட்டிக்கு. ஏழு குன்றுகள், அடியிலேயே சுனைகளும் ஏரிகளும் என்பதால் மேலே செங்குத்துப் பாறையில் லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லி கழுகு எல்லாம் இருக்க, கீழே இறங்கினால் நீர்ப்பறவைகளும் கிடைக்கும்; சுமார் 250 இனங்கள் பதிவாகியிருக்கின்றன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. 2025 ஜனவரியில் இந்தப் பகுதிக்கான டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்தானதற்கு, போராடிய ஊர்மக்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சரி, பெங்களூரு பக்கத்து ராமதேவர பெட்டா? அதுவும் கிரானைட் மலைதான், 2012இல் பாறு (பிணந்தின்னிக் கழுகு) சரணாலயமானது. கருங்கழுத்துப் பாறு பாறை விளிம்பில் கூடு கட்டும் இடம், மஞ்சள் தொண்டைச் சின்னானும் (புல்புல் வகை) உண்டு. ஆனால் பாறுகள் மிகக் குறைவு, பார்த்தே தீருவேன் என்று கூட்டுப் பக்கம் ஏறாமல் தொலைநோக்கியோடு கீழேயே நில்லுங்கள்.