சித்தப்பாவின் கால் புண்ணும் மதுரை ஆஸ்பத்திரி டிரையலும்

ஆதார் முகவரி, வங்கி கேஒய்சி, பட்டா நகல் என்று ஊருக்குப் போனால் வழக்கமாக அலைய வைக்கும் வேலைகள் இந்த முறை பெரிய தொல்லை இல்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என் நேரத்தைப் பிடித்துக்கொண்டது மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மருந்துப் பரிசோதனைக்கான படிவத்தைச் சித்தப்பாவுக்கு வரி வரியாகப் படித்துச் சொல்லும் வேலை கிடைக்கும் என்று பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பும்போது நினைக்கவில்லை. படித்ததில் பாதி எனக்கே புதுசு. வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் யாருக்கும் பயன்படலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

சித்தப்பாவுக்கு 67 வயது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சர்க்கரை நோய் நெடுநாளாக உண்டு. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. உசிலம்பட்டியில் பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கட்டு மாற்றப் போய் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் கட்டு மாற்றும் அறையிலேயே, "புது மருந்து ஒன்னுக்கு டிரையல் நடக்குது ஐயா, உங்க புண்ணுக்குச் சரியா வரும், எல்லாம் ஃப்ரீ" என்று சொல்லி 18 பக்கத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் முன்கூட்டியே பென்சிலால் டிக் அடித்திருந்தது. பின்னால் வரிசை நிற்கிறது. முப்பது வருடம் சில்லறை எண்ணிய மனிதர் அவ்வளவு சீக்கிரம் பேனாவைத் தொடுவாரா? "படிச்சுட்டுத் தர்றேன்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். கொடுத்தவர் முகம் சுளித்ததாகச் சித்தி சொன்னார்.

முகம் சுளிக்க அவருக்கு உரிமை இல்லை. இந்தியாவில் இதற்கென்று 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள் இருக்கின்றன. என்ன மருந்து, என்ன ஆபத்து, வேறு என்ன சிகிச்சை உண்டு என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் முதலில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கவும் வீட்டில் பேசி முடிவெடுக்கவும் நேரம் தர வேண்டும். கையெழுத்து அதற்கெல்லாம் பிறகுதான். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருந்து, அவரும் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அதனால் அந்தத் தாள் ஒரு ராத்திரியாவது வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்பது என் கருத்து.

தாளைப் பார்த்ததும் சித்திக்குத்தான் பயம். "எலிக்குப் போட்டுப் பாக்குறத மனுசனுக்குப் போட்டுப் பாக்குறாங்களா? இவருக்கு என்னத்துக்கு இந்த வேலை?" என்றார்.

எலி, முயல் எல்லாம் ஏற்கெனவே முடிந்த கதை. அதைத் தாண்டிய மருந்துதான் மனிதர்களிடம் வரும். அதிலும் நான்கு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் ஒரு சிலரிடம், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களிடம், உடம்பு மருந்தைத் தாங்குகிறதா, எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் அந்த நோய் உள்ளவர்களிடம் கொஞ்சமாவது வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது பெரியது. பல ஊர் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சேர்த்து, இப்போது இருக்கும் சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். நான்காவது, மருந்து கடைக்கு வந்த பிறகு நடப்பது. சித்தப்பாவைக் கூப்பிட்டது மூன்றாம் கட்டத்துக்கு. படிவத்தின் முதல் பக்கத்திலேயே அது இருந்தது.

"புது மருந்துன்னா நல்ல மருந்துதானே, அப்புறம் எதுக்குடா சோதனை?" என்று கேட்டார் சித்தப்பா. இதற்குப் பதில் சொல்ல மதுரையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. வயலில் வேலை செய்யும்போது நெல் தூசியோ தழையோ கண்ணில் பட்டுப் பூஞ்சைப் புண் வருவது நம் பக்கம் சகஜம். அதற்கு நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்தா, வோரிகோனசோல் என்ற புதியதா என்று அரவிந்த் கண் மருத்துவமனையின் மதுரை, கோவை, புதுச்சேரி கிளைகளில் ஒரு டிரையல் நடந்தது. 323 பேர் சேர்ந்தார்கள். 2013-ல் முடிவு வந்தபோது ஜெயித்தது பழைய மருந்து. டிரையல் நடக்காமல் இருந்திருந்தால், புதுசு என்பதற்காகவே பல டாக்டர்கள் இரண்டாவதை எழுதியிருப்பார்கள்.

சென்னையில் இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1956-ல் அங்கே காசநோய் ஆராய்ச்சிக்கு ஒரு மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்து நல்ல காற்று, நல்ல சாப்பாடு கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம். இங்கே 193 நோயாளிகளை எந்தப் பாரபட்சமும் இல்லாமல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு, சுமாரான சாப்பாடு. அப்படியும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகுதான், வீட்டிலிருந்தபடியே காசநோய் மருந்து சாப்பிடுவது உலகம் முழுக்க வழக்கமானது. சித்தப்பாவுக்கு இந்தக் கதை பிடித்துப்போய், டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த முறை கட்டு மாற்றப் போகும்போது நானும் கூடப் போனேன். டிரையல் என்று பேச்செடுத்ததும் ஓ.பி. வரிசையை விட்டு வேறு மாடிக்கு அனுப்பினார்கள். மின்விசிறி, மூன்று நாற்காலி, முக்காலியில் ஒரு கேமரா. டாக்டர் வந்து ஐந்து நிமிஷம் பேசினார், அவசரம் முகத்தில் தெரிந்தது. அதன் பிறகு பேசியது டிரையல் வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர், இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண். என்னைக் கேட்டால் அந்த ஆஸ்பத்திரியிலேயே சிறந்த சேவை அவருடையதுதான். 18 பக்கத்தையும் தள்ளி வைத்துவிட்டு இரண்டு டியூபை மேஜையில் வைத்தார். ஒரே வெள்ளை, ஒரே எழுத்து, மேலே எண் மட்டும் வேறு.

"ஐயா, இதுல ஒன்னுல மருந்து இருக்கு. இன்னொன்னுல வெறும் ஜெல். உங்களுக்கு எது வரும்னு கம்ப்யூட்டர்தான் சொல்லும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. புண்ணைச் சுத்தம் பண்றது, கட்டு, கால் புண்ணுக்குப் போடுற மெத்துன்னு இருக்குற எம்.சி.ஆர். செருப்பு, சுகர் மாத்திரை, இதெல்லாம் ரெண்டு பக்கமும் ஒன்னுதான்."

மருந்தே இல்லாத டியூபை எதற்காகத் தர வேண்டும் என்று நான்தான் கேட்டேன். மருந்து கிடைத்தது என்று தெரிந்தால் நோயாளி புண்ணைக் கூடுதலாகக் கவனிப்பார், டாக்டர் கண்ணுக்கும் புண் சிறுத்த மாதிரி தெரியும், அதைத் தவிர்க்கத்தான் என்றார். வழக்கமான சிகிச்சையை நிறுத்திவிட்டு வெறும் ஜெல்லை மட்டும் தரும் டிரையலாக இருந்திருந்தால் நானே சித்தப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

அப்புறம் கேமராவை ஓடவிட்டார். எளிதில் ஏமாற்றப்படக்கூடிய நிலையில் இருப்பவர்களைப் புத்தம் புதிய மருந்துக்கான டிரையலில் சேர்த்தால், ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. இந்த இடத்தில் எல்லோருக்கும் எடுக்கிறார்களாம். தான் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டார்.

"உங்களுக்கு மருந்து டியூப் நிச்சயமா வருமாய்யா?"

"வராது. வரலாம். டாஸ் போடற மாதிரிதானம்மா."

"நடுவுல பிடிக்கலைன்னா?"

"எறங்கிக்கலாம்."

"இறங்கிட்டா இங்க வைத்தியம் பாக்க மாட்டாங்களா?"

சித்தப்பா யோசித்தார். அந்தப் பெண் காத்திருந்தார், எடுத்துக் கொடுக்கவில்லை. "பாப்பீங்க. பாக்கணும். தாள்ல எழுதியிருக்கு" என்றார் கடைசியில். அது சரிதான். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை கெடக் கூடாது.

நஷ்ட ஈட்டுப் பக்கத்தில்தான் சித்தப்பா அதிக நேரம் எடுத்தார். டிரையலில் இருக்கும்போது உடம்புக்கு ஏதாவது ஆனால், தேவைப்படும் வரை இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும்; அது டிரையலால் வந்ததில்லை என்று அதற்கு முன்பே உறுதியானால் அதுவரை. பெரிய பாதிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், டிரையலுக்கு அனுமதி கொடுத்துக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் டாக்டர் தெரிவிக்க வேண்டும். டிரையலால் மரணம் என்று முடிவானால் பணத்துக்கு ஒரு கணக்கே இருக்கிறது. அடிப்படை 8 லட்சம். அதை வயதுக்கும், ஏற்கெனவே நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கும் ஏற்பப் பெருக்குவார்கள். 65 தாண்டியவருக்கு வயதால் தொகை அதிகமாகாது. நோய்க் கணக்கு மட்டும் 0.5-லிருந்து 4 வரை போகும். சித்தப்பா அங்கேயே மனக்கணக்குப் போட்டு, "குறைஞ்சது நாலு, ஜாஸ்தி முப்பத்திரண்டு" என்றார். சித்தி அவர் தொடையில் கிள்ளினார்.

இந்த விதிகள் சும்மா வந்துவிடவில்லை. 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஓர் ஆய்வுத் திட்டத்தில் சிறுமிகளுக்குப் போட்டார்கள். சில சிறுமிகள் இறந்ததும் 2010-ல் அரசு அதை நிறுத்தியது. இறப்புக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தது வெளியே வந்தது. 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு, 2013-ல் நஷ்ட ஈட்டு விதி, வீடியோ பதிவு என்று ஒவ்வொன்றாக வந்தன. சித்தியின் பயத்துக்கு வேர் இருக்கிறது என்பதால்தான் அவரிடம் "பயப்படாதீங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறைகளும் உண்டு. படிவத்தின் நகல் நோயாளிக்குத் தர வேண்டியது கட்டாயம். நாங்கள் கேட்ட பிறகுதான், அதுவும் ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் என்ற பதிலுக்குப் பிறகுதான் கிடைத்தது. நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் எடுத்தார்கள், நன்றாகவே பேசினார்கள். இந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவத் துறைக்கு வெளியே இருந்து ஒருவர், பெண் ஒருவர் வேண்டும். தலைவர் அந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. டாக்டர் மேல் புகார் என்றால் டாக்டரிடமே போக வேண்டாம், இவர்களிடம் போகலாம்.

டிரையல் நிஜமானதுதானா என்று பார்க்க, ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனிலேயே தேடினேன். இந்தியாவில் நடக்கும் டிரையல்களைப் பதிய சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேடு 2007-லிருந்து இருக்கிறது. 2009 ஜூனிலிருந்து பதிவது கட்டாயம். கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் வேண்டாம். படிவத்தில் இருக்கும் பதிவு எண்ணைப் போட்டால் பணம் போடும் கம்பெனி எது, எந்தெந்த ஊரில் நடக்கிறது, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததா என்று எல்லாம் வருகிறது. படிவத்தில் அந்த எண்ணே இல்லை என்றாலோ, மருந்துக்கோ டிரையலுக்கான டெஸ்டுக்கோ நோயாளியிடம் காசு கேட்டாலோ, அங்கே உட்கார்ந்து யோசிக்கவே வேண்டாம்.

சித்தப்பா சேர்ந்துவிட்டார். முடிவு அவருடையது, நான் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவருக்கு வந்த டியூபில் என்ன இருக்கிறது என்பது எல்லா ஊரிலும் எல்லோரும் முடித்த பிறகுதான் தெரியும். அவசரம் என்றால் மட்டும் முன்னதாகத் திறந்து பார்ப்பார்கள். நான் கிளம்பும்போது புண் கொஞ்சம் சிறுத்திருந்தது. எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் போட ஆரம்பித்தாரே, அதனாலும் இருக்கலாம்.

ஒவ்வொரு முறை போகும்போதும் பயணப்படி தருகிறார்கள், வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. நோயாளிக்கு மட்டும்தான், துணைக்குப் போகும் சித்திக்குக் கிடையாது. காலில் கட்டோடு ஒரு மனிதன் எப்படித் தனியாகப் பஸ் ஏறுவான் என்று நெறிமுறைக் குழுத் தலைவருக்கு மனு எழுதியிருக்கிறார் சித்தப்பா. இணைப்பாக உசிலம்பட்டி–மதுரை டிக்கெட் நான்கு, ஒரு தாளில் வரிசையாக ஒட்டி.