நிலாவெளி வீதி போடிங் பிள்ளைகளே, ‘பாதுகாப்புப் பொதி’ விற்க வருகிறவரிடம் கவனம்

திருகோணமலை வளாகத்தில் படித்துக்கொண்டு வெளியில் அறை எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளி என்று போடிங் உள்ள பக்கமெல்லாம் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ‘மாணவர் பாதுகாப்புப் பொதி’ என்று ஒன்றை விற்கிறார். இரண்டு கமரா, முன்கதவுக்குப் புதுப் பூட்டு, ஆளுக்கொரு மிளகு ஸ்ப்ரே, கூடவே ஒரு பின்னேரம் தற்காப்பு வகுப்பு. மொத்தம் 32,000 ரூபாய். நாங்கள் நான்கு பெண்கள், ஆளுக்கு 8,000 போட்டுக் கொடுத்தோம். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். கள்ளனுக்குப் பயந்து கமரா பூட்டிய எங்கள் வீட்டுக்குள் தன் ஃபோன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதைப் பூட்டிய ஆளேதான்.

ஆள் வருகிற நேரத்தைப் பாருங்கள். பக்கத்து ஒழுங்கையில் ஒரு போடிங்கில் லேப்டொப் களவு போய், எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்த கிழமையில் வந்தார். எங்களிடம் நேரே வரவில்லை. முதலில் வீட்டுக்கார அன்ரியிடம் போய் நல்ல பெயர் எடுத்துக்கொண்டு, பிறகுதான் எங்களிடம். “அன்ரியே சொல்லிட்டா, நீங்க பயப்படாதீங்க தங்கச்சி” என்று பேச்சைத் தொடங்கினார். பொலிஸில் ஆள் இருக்கிறது, பெரிய ஹோட்டல்களுக்கெல்லாம் தான்தான் கமரா பூட்டிக் கொடுத்தது என்று கதை நீண்டது. பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு ஒரு கொப்பித் தாளில் தொகையை எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். பெயரும் இல்லை, விலாசமும் இல்லை.

முதல் பிரச்சினையைக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு மாமி. விறாந்தைக் கமராவை அந்த ஆள் திருப்பி வைத்திருந்த கோணத்தில் எங்கள் கேற் பாதிதான் தெரியும், மாமி வீட்டுக் கிணற்றடி முழுசாகத் தெரியும். குளிக்கிற இடம். மாமி மதிலுக்கு மேலால் எட்டி, “பிள்ளைகள், அது என்னத்தைப் பார்க்குது?” என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. செயலியில் திறந்து பார்த்தால் வாளி, கயிறு, கல்லில் காயப்போட்ட உடுப்பு எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. அன்றைக்கே கதிரை போட்டு ஏறிக் கமராவைத் திருப்பினோம். மாமி இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம்தான் மற்றது. ஒருநாள் அன்ரி வாடகை வாங்க வந்த இடத்தில், “நீங்கள் இரவு 11 மணிக்குத்தான் வீட்டுக்கு வாறீங்களாமே, ஒரு பொடியனும் வந்து போறானாமே” என்றார். பொடியன் என்றது என் அறைத்தோழியின் தம்பி, மூதூரிலிருந்து அரிசி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவன். யார் சொன்னது என்று கேட்டால், கமரா பூட்டிய தம்பியாம். அக்கறையில் சொன்னாராம்.

செயலியை அதற்குப் பிறகுதான் உள்ளே போய்ப் பார்த்தோம். எங்கள் நான்கு பேரின் கணக்கிலும் கமராவின் பெயருக்குக் கீழே ‘பகிரப்பட்டது’ என்றுதான் இருந்தது. உரிமையாளர் கணக்கு அவருடையது. அவர் தன் கணக்கில் கமராவைப் பதிந்துவிட்டு, எங்களுக்குப் பார்க்கிற அனுமதியை மட்டும் பகிர்ந்திருக்கிறார். நேரலை, பழைய பதிவு, பேசுகிற சத்தம், எல்லாம் அவர் கைக்குள். இரண்டாவது கமரா கூடத்துக்குள் இருந்தது. மழைக்காலத்தில் உடுப்புக் காயப்போடுவதும், கரண்ட் இல்லாத இரவில் பாய் விரித்துப் படுப்பதும் அந்தக் கூடத்தில்தான். இதற்கு மேல் நான் விளக்க விரும்பவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது வந்து கமரா பூட்டியிருந்தால் இன்றைக்கே செயலியில் ‘உரிமையாளர்’ யார் என்று பாருங்கள். நீங்கள் இல்லையென்றால் முதலில் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வயரைக் கழற்றுங்கள். கமராவின் பின்பக்கமோ அடியிலோ ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கும். கமராவுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு அதை அழுத்திப் பிடித்தால் பழைய அமைப்பு அழியும். ஆனால் சில வகைக் கமராக்கள் முதலில் பதிந்த கணக்கோடு கட்டுண்டு கிடக்கும். அந்தக் கணக்குக்காரர் தன் செயலியில் நீக்காத வரைக்கும் நீங்கள் புதிதாகச் சேர்க்க முடியாது. எங்களுடையது அந்த ரகம். வைஃபை கடவுச்சொல்லும் அவர் வைத்துத் தந்ததுதான், அதையும் மாற்றினோம். புதிதாகப் பூட்டுவதென்றால், கமராவைப் பெட்டியிலிருந்து எடுத்து உங்கள் ஃபோனில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையால் பதியுங்கள். பூட்டுகிறவர் ஏணியில் ஏறுவதோடு நிற்கட்டும்.

கள்ளனைப் பிடித்ததா என்று கேட்பீர்கள். மார்கழி மழையில் கரண்ட் போன ஒரு இரவு, விறாந்தையில் நின்ற சைக்கிள் போய்விட்டது. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், கமராவும் போகும் என்பதை அவர் சொல்லவேயில்லை. முதல் நாள்களின் பதிவிலாவது யாராவது நோட்டம் பார்த்தது தெரியுமா என்று மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டோம். 128 ஜிபி என்று மேலே அச்சிட்டிருந்தது. முழுக்க நிரப்பிப் பரிசோதிக்கிற இலவச மென்பொருள்கள் உண்டு, அதில் ஓட்டிப் பார்த்தபோது 8 ஜிபியைத் தாண்டவில்லை. அதற்கு மேல் எழுதியதெல்லாம் குப்பை.

பூட்டின் கதையைக் கேளுங்கள். பெட்டியில் மூன்று திறப்புகள் என்று அச்சிட்டிருந்தது. எங்கள் கைக்கு வந்தது இரண்டு. கேட்டதற்கு, “கொம்பனி இப்ப ரெண்டுதான் போடுது” என்றார். ஹாட்வெயார் கடையில் அதே பூட்டை எடுத்துப் பார்த்தோம், மூடிய பெட்டிக்குள் மூன்று. சரி, மூன்றாவது எங்கே என்று நீங்களே யோசியுங்கள். பூட்டினவிதமும் அப்படித்தான். கதவு நிலையில் நாக்கு போய் விழுகிற இடத்தில் ஒரு தகடு அடிப்பார்களே, அதை அரை அங்குல ஆணியால் பூட்டியிருந்தார். நிலை மரம் உள்ளே கறையான் தின்றது. திருப்புளியை வைத்து லேசாக நெம்பினேன், ஆணி மரத்தூளோடு கையில் வந்தது. மழைக்குக் கதவு ஊதி நாக்கு சரியாக விழாததால், ஓட்டையை உளியால் பெரிசாக்கி வேறு விட்டிருந்தார். என் அறைத்தோழி தன் பழைய மாணவர் அடையாள அட்டையை இடுக்கில் நுழைத்து ஒரு சாய்ப்புச் சாய்த்தாள், கதவு திறந்தது. அவள் களவெடுக்கப் பழகினவள் இல்லை, சித்த மருத்துவம் படிக்கிறவள்.

மிளகு ஸ்ப்ரேயைப் பற்றி இரண்டு வரி போதும். ஒன்றின் வாய் முதல் நாளே ஒழுகியது. இன்னொன்றை முற்றத்தில் அடித்துப் பார்த்தவளுக்கு வாடைக்காற்றில் திரும்பித் தன் முகத்திலேயே விழுந்தது, கண் கொஞ்சம்கூட எரியவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது அந்த வகுப்பில். ‘மாஸ்டர்’ என்று ஒருவரைக் கூட்டிவந்தார். கையைப் பிடித்தால் பெருவிரல் பக்கமாகத் திருப்பி இழுத்து விடுபடுவது, அதை ஒழுங்காகச் சொல்லித் தந்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. “வீட்டுக்குள்ள கால் வைச்சவனை வெட்டினாலும் கேஸ் இல்லை, சட்டம் உங்கட பக்கம்” என்று அடித்துச் சொன்னார். தலைமாட்டில் கத்தி வைத்துக்கொண்டு படுங்கள் என்றும் சொன்னார். எங்களில் ஒருத்தி வைத்தும் விட்டாள்.

நகரத்தில் உள்ள ஒரு சட்டத்தரணி அக்காவிடம் இதைக் கேட்டோம். அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டுச் சட்டம், அதில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உங்கள் உடலை மட்டுமில்லை, அடுத்தவர் உடலையும் சொத்தையும் காக்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு. உயிர் போகும், படுகாயம் வரும் என்று நியாயமாகப் பயப்படுகிற தாக்குதல், பாலியல் வல்லுறவு நோக்கத்தோடான தாக்குதல், கடத்தல் போன்றவற்றில் அந்த உரிமை எதிராளியின் உயிர் போகிற அளவுக்கும் நீளும். இரவில் வீடுடைத்து நுழைவதும் சொத்துப் பகுதியில் சொல்லப்பட்டிருக்கிறது. மாஸ்டர் பிடித்துக்கொண்டது அதைத்தான். அவர் விட்டது 92ஆம் பிரிவு: பொலிஸ் போன்ற பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது, காப்பதற்குத் தேவையானதற்கு மேல் ஒரு காயமும் செய்யக் கூடாது.

எங்கள் சைக்கிளையே எடுங்கள். கள்ளன் சைக்கிளோடு கேற்றைத் தாண்டி ஓடுகிறான், பின்னால் துரத்திப் போய் முதுகில் வெட்டினால் நீதிமன்றத்தில் கூண்டில் நிற்கப்போவது வெட்டியவள். குடிவெறியில் வீடு மாறி வந்து கேற்றைத் தட்டுகிறவனுக்கும் அதுதான். கதவு பூட்டியிருக்கிறது, கையில் ஃபோன் இருக்கிறது, 119க்கு எடுக்க நேரம் இருக்கிறது. “கதவைத் திறந்துகொண்டு கத்தியோடு வெளியே போனால் உன்னைக் காப்பாற்ற என்னிடம் பிரிவு இல்லை” என்றார் அக்கா. கத்தி அன்றைக்கே குசினிக்குத் திரும்பிப் போனது.

காசைத் திருப்பிக் கேட்டபோது பொதி விற்றவர் முதலில் சிரித்தார், பிறகு எங்கள் இலக்கங்களைத் தடை செய்தார், கடைசியாக அன்ரிக்கு எடுத்து “பிள்ளைகள் சரியில்லை” என்றார். அன்ரியும் ஒரு கட்டத்தில் அவர் பக்கம்தான் நின்றார். அட்டையால் கதவைத் திறந்து காட்டிய பிறகுதான் மாறினார்.

இப்போது இரண்டு முறைப்பாடு நடக்கிறது. ஒன்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அவர்களுடைய அழைப்பு இலக்கம் 1977. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கொப்பித் தாள் தருகிறவரிடம் வாங்காதீர்கள். மற்றது கமரா விஷயம், பொலிஸில். பெண் பிள்ளைகள் நேரே சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்துக்குப் போகலாம். பேச ஆள் வேண்டுமென்றால் 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. சிங்களத்தில் எழுதி நீட்டினால், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

வீட்டுக்கு நாங்கள் பிறகு செய்தது அவருக்குக் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஓடாவி ஐயா ஒருவர் கறையான் தின்ற நிலைத் துண்டை வெட்டி எடுத்துப் புதுக் கட்டை வைத்தார். தகட்டுக்கு மூன்று அங்குல ஆணி. உள்பக்கம் மேலும் கீழும் தடித்த தாழ்ப்பாள், பின்கதவுக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டம். வெளியே போகும்போது போட பித்தளை ஆமைப்பூட்டு, ஏனென்றால் கடல்காற்றில் மலிவான இரும்புப் பூட்டு ஒரு மழைக்காலம் தாங்காது. பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசின் பிடிக்கும், தையல் மெசின் எண்ணெய் போதும். அன்ரியிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்ததால் அவர் பாதிச் செலவை வாடகையில் கழித்தார். ஆள் அசைந்தால் எரிகிற பற்றரி விளக்கு ஒன்றைக் கேற் பக்கம் போட்டோம், கரண்ட் போனாலும் அது எரியும். ஆளுக்கொரு விசில். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது லேப்டொப்பைப் போடிங்கில் விட்டுவிட்டுப் போவதில்லை, இங்கே களவு அதிகம் கேள்விப்படுவது வீடுகள் வெறுமையாகக் கிடக்கும் அந்த நாள்களில்தான்.

அவருடைய பெயரையோ ஃபோன் இலக்கத்தையோ இங்கே போட மாட்டேன், முறைப்பாடு நடக்கிறது. இதே பொதியை வாங்கியவர்கள் எங்களோடு சேர்ந்து எழுதிக் கொடுக்க விரும்பினால், கொப்பித் தாளாக இருந்தாலும் அதையும், வட்ஸ்அப் உரையாடலையும், பூட்டுப் பெட்டியையும் எறியாமல் எடுத்து வையுங்கள். மூன்று மாதக் கணக்கு வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது.