நிறுவனம் விட்டு நிறுவனம் மாறும் பங்குத் தரகர்: ஓர் எச்சரிக்கை

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பகுதிகளில் பங்குக் கணக்கு வைத்திருப்போர் கவனத்திற்கு இதை எழுதுகிறேன். பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து தரகு நிறுவனங்களின் பெயர்ப்பலகையைத் தன் அலுவலக வாசலில் மாட்டிய ஒருவர், சென்ற மாதம் ஆறாவதை மாட்டியிருக்கிறார். அந்த ஐந்தில் மூன்றுக்கு நானும் அவர் பின்னாலேயே போய்க் கணக்குத் தொடங்கியவன்.

ஒவ்வொரு முறையும், "அண்ணாச்சி, அங்கே தரகு குறைவு, ஒரு கையெழுத்து போதும்" என்பார். நம் ஊர்ப் பிள்ளை முன்னேறுகிறான் என்றே நானும் நினைத்தேன். நம் கணக்கில் நடக்கும் ஒவ்வொரு வாங்கல் விற்றலின் தரகிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு, அதைக் கூடுதலாகத் தரும் நிறுவனத்திற்கு அவர் மாறிக்கொள்வார், பழைய வாடிக்கையாளரின் மனத்தாங்கல் பழைய பலகையோடு நின்றுவிடும் என்பதெல்லாம் பிற்பாடுதான் விளங்கிற்று. துணைத் தரகர் என்ற வகையை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2019இல் நீக்கியபின் அவர் 'அங்கீகரிக்கப்பட்ட நபர்', அதாவது தரகு நிறுவனத்தின் முகவர் ஆனார். விசிட்டிங் கார்டில் மட்டும் என்றைக்கும் முதலீட்டு ஆலோசகர். அதற்குச் செபியில் தனிப் பதிவு வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

கடைசியாகத் தொடங்கிய கணக்கின் படிவத்தில் என் எண்ணுக்குப் பதில் அவருடைய கைப்பேசி எண்ணும், என் பெயரில் அவரே உண்டாக்கிய மின்னஞ்சலும் இருந்தன. ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் நிறுவனம் அனுப்பும் விவரத்தாளான காண்ட்ராக்ட் நோட் முழுவதும் அங்கேதான் போயிற்று. அந்த 'ஒரு கையெழுத்து', பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் டிமேட் கணக்கிலிருந்து அவற்றை எடுக்கும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்திருந்தது. ஆடி மாதம் வழக்கமாக பாஸ்புக்கில் ஏறும் டிவிடெண்ட் ஏறவில்லையே என்று விசாரிக்கப் போனபோதுதான், என் ஓய்வுக்காலப் பணத்தில் வாங்கிய பங்குகள் விற்கப்பட்டு, விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஆப்ஷன் வணிகத்தில் நான்கு மாதமாக 6,40,000 ரூபாய் கரைந்திருப்பது தெரிந்தது. அந்த வகை வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் நஷ்டமடைந்ததாகச் செபியின் ஆய்வே 2024இல் சொன்னது. கேளாமலே என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்.

நிறுவனத்தைக் கேட்டால், "அவர் இப்போது எங்களிடம் இல்லை" என்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட நபரின் செயலுக்குத் தரகு நிறுவனமே பொறுப்பு என்பது விதி. ஆகவே செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் நிறுவனத்தின் மீதே புகார் அளித்திருக்கிறேன். அவரிடம் இப்போது கணக்கு வைத்திருப்பவர்கள், படிவத்தில் உள்ள கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் தம்முடையவைதானா என்று இன்றே பாருங்கள். டிமேட் இருப்பை அவர் அச்சிட்டுத் தரும் தாளில் பார்க்காமல், டிமேட் பங்குகளைக் காத்து வைக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அமைப்பின் தளத்தில் நேரடியாகப் பாருங்கள்.

ஆர்டர் கொடுத்தது நான்தான் என்பதற்குக் குரல் பதிவையோ கையொப்பமிட்ட தாளையோ காட்டும்படி நிறுவனத்திடம் கேட்டு மூன்று வாரமாகிறது. இன்னும் பதில் வரவில்லை.