மொழிபெயர்ப்புச் செயலிகளும் இடம் பொருள் ஏவலும்

செய்தி, பயன்பாட்டுக் குறிப்பு, பொருள் விவரம் போன்றவற்றுக்கு இன்றைய இலவச மொழிபெயர்ப்புச் செயலிகள் போதும். 5-க்கு 4 தரலாம். ஒருவர் இன்னொருவரிடம் பேசும் பேச்சுக்கு 2-க்கு மேல் தர மனம் வரவில்லை. சொல்வளத்தில் குறையில்லை. நாம், அது, அங்கே, நாளை, வா போன்ற சொற்களுக்கு அகராதியில் பாதிப் பொருள்தான் உண்டு. யார், யாரிடம், எங்கிருந்து, எப்போது சொன்னார் என்று தெரிந்தால்தான் மீதி விளங்கும். செயலியின் கையில் இருப்பதோ நாம் ஒட்டும் ஒற்றை வரி.

முதலில் இடறுவது 'நாம்', 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ'தான். '10 மணிக்கு நமக்குக் கூட்டம்' என்றால் கேட்பவரும் வர வேண்டும். 'எங்களுக்குக் கூட்டம்' என்றால் அவருக்கு அங்கே வேலையில்லை. ஆங்கில அழைப்பைக் கொடுத்தால் எது வந்து விழும் என்பது குருட்டாம்போக்குதான். மலாயில் 'கித்தா', 'காமி' என்று இதே வேறுபாடு உண்டு. ஆனால் பல சேவைகள் மலாயிலிருந்து தமிழுக்கு ஆங்கிலம் வழியாகச் சுற்றி வருவதால், இரு கரையிலும் இருப்பது நடு ஆற்றில் தொலைகிறது.

திருப்பிப் பெயர்த்துச் சரிபார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்தப் பிழை அந்த வலையில் சிக்காது. தவறாக விழுந்த 'நாங்கள்' ஆங்கிலத்துக்குப் போனாலும் 'வீ' என்றே வரும்.

வா, போ இன்னும் நுட்பமானவை. தரு, வரு இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல், கொடு இரண்டும் படர்க்கைக்கும் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்தது. அதனால்தான் கூப்பிட்டவரிடம் 'இதோ வர்றேன்' என்கிறோம். அதே இடத்தில் ஸ்பானியர் சொல்லும் 'யா வோய்' சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இதோ போகிறேன்'. அப்படியே பெயர்த்தால் வருகிறவர் கிளம்பிப் போகிறவர் ஆகிவிடுவார்.

இந்தியின் 'கல்' நேற்றும்தான், நாளையும்தான். 'மிலேங்கே' (சந்திப்போம்) என்றோ 'மிலே தே' (சந்தித்தோம்) என்றோ வினை பின்னால் வந்தால் பிழைத்தோம். 'கல் சுபஹ்' என்று மட்டும் பதில் வந்தால், நேற்றுக் காலையா நாளைக் காலையா? செயலி ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். ஐயம் இருப்பதாகக் காட்டவும் காட்டாது. தவறுவதைவிட இந்த மௌனமே பெரிய குறை.

(பேசுபவர் அருகில், கேட்பவர் அருகில், இருவருக்கும் தொலைவில் என்று பிரிக்கும் ஜப்பானியத்தின் 'கொரே', 'சொரே', 'அரே' மூன்றுக்கும் ஈழத்துப் பேச்சின் இது, உது, அது பெரும்பாலும் பொருந்தும். எழுத்துத் தமிழில் 'உது' வழக்கொழிந்ததால் அந்த வசதியும் போயிற்று.)

உரையாடல் வகைச் செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் இதில் மேல், சூழலைச் சொல்லிக்கொடுத்தால் மட்டும். முதல் வரியிலேயே 'மேலாளர் ஊழியர்களுக்கு எழுதுவது, அவரும் கலந்துகொள்வார், மரியாதைப் பன்மை வேண்டும்' என்று எழுதுங்கள். பெயர்க்க வேண்டிய செய்திக்கு முந்தைய நான்கைந்து செய்திகளையும் சேர்த்து ஒட்டுங்கள். 'நாளை' இருக்கும் இடத்தில் தேதி, 'அங்கே' இருக்கும் இடத்தில் இடப்பெயர், 'அவர்' இருக்கும் இடத்தில் ஆளின் பெயர் போடுங்கள். வெளிவந்த தமிழில் வினைமுற்றுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: ஜப்பானிய மூலத்தில் எழுவாயே இல்லாதபோது 'போனேன்', 'போனாள்' என்ற விகுதி செயலியின் ஊகம்தான்.