பல் கடிப்பதை நிறுத்தும் கார்டு என்று 6,800 ரூபாயை விட்டேன்

பணம் திரும்பி வராது என்று நேற்று ராத்திரிதான் உறுதியானது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆன்லைனில் பல் கார்டு (தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை) வாங்க நினைப்பவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

குன்னூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. பசுந்தேயிலை விலை விழுந்தால் என் தூக்கமும் கெடும். தூங்கினாலும் பல்லை நறநறவென்று கடிப்பேனாம். "வெறும் ஆட்டுக்கல்லைச் சுத்துற மாதிரி இருக்கு" என்பாள் மனைவி. அம்மா, வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தார். நாற்பத்தாறு வயதில் அதையும் விழுங்கினேன். காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் டக்கென்று சத்தம். இந்த ஊர்ப் பனியில் பைப் தண்ணீரை வாயில் வைத்தால் கேட்கவே வேண்டாம், கூச்சம் உச்சந்தலைக்கு ஏறும்.

அப்போதுதான் பல் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் கடையின் விளம்பரம் கண்ணில் பட்டது. அளவு எடுக்கும் மாவை வீட்டுக்கே அனுப்புவார்களாம். அதைக் கடித்துத் திருப்பி அனுப்பினால் நம் பல்லுக்கென்றே செய்த கார்டு வருமாம். 21 நாளில் பல் கடிப்பதே நின்றுவிடுமாம்.

வீடியோ காலில் வந்த பெண் தன்னை டாக்டர் என்றார். "அண்ணா, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க" என்று வாயைத் திறக்கச் சொன்னார். "கோரைப்பல் நுனி தட்டையாயிடுச்சு பாருங்க. எனாமல் தேய்ஞ்சா திரும்ப வளராது." கண்ணாடியில் பார்த்தேன், தட்டையாகத்தான் இருந்தது. அங்கேதான் விழுந்தேன். அவர் சொன்ன இரண்டுமே உண்மை. உண்மையைச் சொல்லியும் ஏமாற்றுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. போதாததற்கு "இப்ப தேயிலை விலை எப்படிண்ணா இருக்கு?" என்று வேறு கேட்டார். சொந்தக்காரர்கள்கூடக் கேட்காத கேள்வி. 6,800 ரூபாயை அப்போதே முழுசாக அனுப்பினேன்.

19 நாள் கழித்து வந்தது ஒரு கொழகொழ பிளாஸ்டிக் துண்டு. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: சுடுதண்ணீரில் போட்டு இளக்கிக் கடிக்கவும், 80 டிகிரி போதும். அப்படியென்றால் நான் மாவில் கடித்து அனுப்பிய அளவு எங்கே போனது? கார்டு பல்லில் நிற்கவே இல்லை. நாலாம் நாள் காலையில் பார்த்தால் ஓட்டை.

புகார் செய்தேன். "நீங்க மலையில இருக்கீங்க சார், தண்ணி சரியா கொதிச்சிருக்காது" என்றது முதல் பதில்! உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பது சரி, குன்னூரில் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அவர்கள் கேட்டதோ 80. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது: வாயில் வைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். வாயில் வைக்காமல் அதை எங்கே வைத்துப் பார்ப்பது? அப்புறம் 48 மணி நேரம், இன்னொரு 48 மணி நேரம். அண்ணா என்று கூப்பிட்டவர் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

இதற்கிடையில் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வலி. ஊரில் பல் டாக்டரிடம் போனால் விரிசல் என்றார். கார்டு பல்லைத் தேயாமல் காப்பாற்றுமே தவிர, கடிப்பதை நிறுத்தாது என்றும் சொன்னார். மெத்தென்று இருந்தால் சிலர் இன்னும் அதிகமாகக் கடிப்பார்களாம். பிறகு, குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, மன அழுத்தத்துக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, சாயங்காலத்துக்கு மேல் எத்தனை டீ என்று வரிசையாகக் கேட்டார். இதெல்லாம் பல் கடிப்போடு சேர்ந்து வருவதுண்டாம். குறட்டைக்கு மனைவியே பதில் சொன்னாள். டீ நாலு, அதுவும் நல்ல ஸ்ட்ராங். 6,800 ரூபாய் வாங்கியவர்கள் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், தாடை வலியில் முடியவில்லை. நேரில் வாயைப் பார்க்காதவரிடம் கார்டு வாங்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915, காலையில் கூப்பிட்டுப் பதிந்திருக்கிறேன். 6,800 ரூபாய்!