பிரேக் ஹோஸ் வாங்கி ஏமாந்தேன்: அதே செட் உங்கள் காடியிலும் இருந்தால் இன்றே பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பினாங்கு ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் என் புரோட்டோன் வீராவின் பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. பின்சீட்டில் மகள், முன்னால் காய்கறி லோரி. பெடல் அடிக்குப் போய்க் கொஞ்சம் பிடித்தது. அதோடு கியரை ஒன்றுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். லோரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. சந்தை நெரிசலில் மெதுவாகப் போனதால் தப்பித்தோம். முதல் நாள் சாயங்காலம் இதே காடியில்தான் பாலிக் புலாவிலிருந்து துன் சார்டோன் மலைச்சாலை வழியாக இறங்கி வந்தோம். அந்த வளைவுகளில் இது நடந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

காரணம், அதற்கு ஒரு வாரம் முன்பு நான் மாட்டிய புது பிரேக் ஹோஸ், அதாவது சக்கரத்தின் பிரேக்குக்கு ஆயிலைக் கொண்டுபோகும் வளையும் குழாய்.

காடிக்கு இருபது வயதுக்கு மேல். பழைய ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு தெரிந்தது, பெடலும் மிதித்தால் பஞ்சு மாதிரி இருந்தது. சரி, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், எஃகுக் கம்பி பின்னிய ஹோஸாகவே போடலாம் என்று நினைத்தேன். பட்டர்வொர்த் பக்கம் ஒரு கடையில் நாலு ஹோஸ் கொண்ட செட் 260 வெள்ளி என்றார்கள். “உள்ளே டெஃப்லான் குழாய், டாட் அப்ரூவல் இருக்கு பாஸ்” என்றார் கடைக்காரர். வீட்டிலேயே மாட்டலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். “ஈசிதான் பாஸ், ரெண்டு ஸ்பானர் போதும்” என்று பதில் வந்தது. அந்தச் செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

மாட்டும்போது நான் அவசரப்படவில்லை. இரும்புக் குழாயின் நட்டு முனை மழுங்கிவிடக் கூடாது என்று அதற்கென்றே இருக்கும் 10 மில்லிமீட்டர் ஃபிளேர் ஸ்பானர் வாங்கினேன். சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கும் கேலிப்பர் பக்கம், ஹோஸ் முனையை இறுக்கும் பாஞ்சோ போல்ட்டில், முனைக்கு இருபுறமும் புதுச் செம்பு வாஷர் போட்டேன். சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவில்லை, முறுக்கிக்கொள்ளவில்லை என்று பார்த்தேன். மகள் பெடலை மிதித்துப் பிடிக்க, நான் கீழே ஒவ்வொரு சக்கரமாகக் காற்றை வெளியேற்றினேன். புது டப்பா டாட் 4 ரக பிரேக் ஆயில்தான் ஊற்றினேன். பெடல் கல் மாதிரி கெட்டியாக நின்றது. அன்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

சந்தையில் நடந்த பிறகு காடியை இழுத்துவந்து பக்கத்துத் தாமானில் இருக்கும் போர்மன் அண்ணனிடம் காட்டினேன். முப்பது வருசமாக பிரேக் வேலை பார்ப்பவர். இடது முன் சக்கரத்தைக் கழற்றியதும் டயரின் உள்பக்கம் முழுக்க ஆயில். நான் மாட்டிய இணைப்பில்தான் கசிவு என்று பயந்தேன். அவர் வாஷரைத் துடைத்துவிட்டு என்னை பெடலை மிதிக்கச் சொன்னார். வாஷர் காய்ந்தே இருந்தது. ஆயில் வந்தது ஹோஸையும் முனையையும் சேர்த்து அழுத்தியிருக்கும் அந்த இரும்புக் கழுத்திலிருந்து. பின்னல் கம்பிகளுக்கு நடுவில் முதலில் ஒரு முத்து, அப்புறம் இன்னொன்று, அப்புறம் கோடாக வழிந்தது. “தம்பி, நீ மாட்டினதுல தப்பில்ல. சாமானே சரியில்ல” என்றார்.

அதைக் கழற்றிக் குறுக்கே அறுத்துக் காட்டினார். டெஃப்லான் என்றால் வழுவழுப்பாக, விறைப்பாக இருக்கும். இதில் உள்ளே இருந்தது கறுப்பாக, மெத்தென்ற ரப்பர். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. கழுத்துக்குள் அந்தக் குழாய் ஒரு நெல்மணி நீளத்துக்கு நழுவி வெளியே வந்திருந்தது. இன்னும் நாலு தடவை அழுத்தி மிதித்திருந்தால் முழுசாகக் கழன்றிருக்கும் என்றார்.

டயரில் நாம் அடிக்கும் காற்று 2.2 பார் அளவுதான். ஓங்கி பிரேக் மிதிக்கும்போது இந்த ஹோஸுக்குள் 70, 80 பார் வரை அழுத்தம் ஏறும். அதைத் தாங்க வேண்டிய பொருளைத்தான் இப்படிச் செய்து விற்கிறார்கள். அன்று எங்களைக் காப்பாற்றியது காடியின் அமைப்பு. பிரேக் ஆயில் போக இரண்டு தனி வழிகள்: இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் ஒரு வழி, மற்ற இரண்டும் இன்னொரு வழி. ஒன்று போனாலும் மற்றது பாதியாவது பிடிக்கும்.

கடைக்காரருக்குப் படங்களையும் காணொளியையும் அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது, இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், “வீட்டுல மாட்டினதுக்கு வாரண்டி கிடையாது பாஸ்” என்று ஒரே வரி. ஈசிதான் என்று சொன்ன அதே எண்ணிலிருந்து. நேரில் போனேன். ரசீதில் ‘பிரேக் ஹோஸ்’ என்று எழுதாமல் ‘அக்சசரி’ என்று எழுதியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். என் மகள் அந்தக் காடியில் இருந்தாள் என்று சொன்னேன். அவர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார். 260 வெள்ளி போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

‘டாட் அப்ரூவல்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை. அது எந்த ஹோஸையும் சோதித்து அப்ரூவல் கொடுப்பதில்லை. அங்கே எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 106 என்று ஒரு விதி இருக்கிறது. 4,000 பி.எஸ்.ஐ. (சுமார் 275 பார்) அழுத்தத்தை 2 நிமிடம் தாங்குவது உட்படப் பல சோதனைகள் அதில் உண்டு. அந்த விதிப்படி செய்திருக்கிறோம் என்று தயாரிப்பாளரே உறுதி கூறி, ஹோஸ் மேலேயோ அதில் கட்டிய பட்டையிலேயோ குறி போடுவார். டாட் என்ற எழுத்தும் தயாரிப்பாளரின் அடையாளமுமாவது அதில் இருக்க வேண்டும். என் செட்டில் பிளாஸ்டிக் பைமேல் ஒரு ஸ்டிக்கர் மட்டும்தான் இருந்தது. ஹோஸில் ஒரு எழுத்துகூட இல்லை. வாங்கும்போது அதை நான் பார்த்திருக்க வேண்டும்.

போர்மன் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். பின்னல் ஹோஸ் நல்லதாகவே இருந்தாலும் பெடல் கெட்டியாகுமே தவிர, காடி நிற்கும் தூரம் குறைந்துவிடாது. என் காடியின் பஞ்சுப் பெடலுக்குப் புது ரப்பர் ஹோஸும் புது ஆயிலுமே போதுமாக இருந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரைக்கும் இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் ஆபத்து அங்கேதான். இப்போது நாலு சக்கரத்துக்கும் குறி அச்சிட்ட ரப்பர் ஹோஸ் போட்டுவிட்டோம். பெடல் நன்றாக இருக்கிறது.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. அறுத்த ஹோஸ், ரசீது, வாட்ஸ்அப் செய்திகளின் படங்கள், போர்மன் அண்ணன் எழுதிக் கொடுத்த கடிதம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். பழுதான சாமானைக் கடைக்காரர் கேட்டாலும் திருப்பிக் கொடுக்காதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி.

வெள்ளிநிறப் பின்னல், சிவப்புக் கழுத்து, ஹோஸில் எந்த எழுத்தும் இல்லாத நாலு ஹோஸ் செட். இதை யாராவது வாங்கி மாட்டியிருந்தால், இன்று காடியை எடுப்பதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு பெடலை நன்றாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். இன்னொருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு கழுத்தையும் பார்க்கட்டும். லேசாக ஈரம் தெரிந்தாலும், பெடல் மெல்ல இறங்கினாலும், காடியை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள். கசியாவிட்டாலும் கழற்றி மாற்றிவிடுங்கள். என்னுடையதும் முதல் ஒரு வாரம் கசியவே இல்லை.